ஒரே ரயில் பாட்டு, மூன்று வடிவங்கள்: வார இறுதி ராக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் வார இறுதிகளில் மட்டும் வாசிக்கும் ஒரு ராக் குழுவுக்கு நான் சில வருஷங்களாக ஒலி பார்த்துக் கொடுக்கிறேன். மேடையில் மிக்சர், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் ஒலிப்பதிவு, இரண்டும் என் பொறுப்பு. குழுவில் நாலு பேர். பாடகர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். கிட்டார் வாசிப்பவர் எலக்ட்ரீஷியன். டிரம்மர் பஸ் ஓட்டுகிறார். பேஸ் வாசிப்பவர் ஓய்வுபெற்ற தச்சர், அறுபதைத் தாண்டியவர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. எழுபதுகளின் ராக் பாட்டுகளைப் பப்களில் வாசிப்பார்கள். கிடைக்கிற பணம் பெட்ரோலுக்கும் பீருக்கும் சரியாகப் போகும்.

ஒரு வருஷம் பிப்ரவரியில் அவர்களுக்குப் பழக்கமில்லாத இடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐம்பதுகளின் பாட்டுக்கு ஜோடி ஜோடியாக ஜைவ் ஆடுகிறவர்கள் கூடும் நடன மாலை. நீளக் கோட்டும் தடித்த ரப்பர் அடி ஷூவுமாக டெடி பாய் உடையில் வருகிற தாத்தாக்களும், குடைப் பாவாடையில் வருகிற பாட்டிகளும்தான் பெரும்பாலும் கூட்டம். நாற்பது நிமிஷம் வாசிக்க வேண்டும், அதில் ஒன்றாவது ஐம்பதுகளின் பாட்டாக இருக்க வேண்டும் என்பது அமைப்பாளர் வைத்த நிபந்தனை.

பாடகர் யோசிக்கவே இல்லை. 'தி ட்ரெயின் கெப்ட் எ-ரோலின்' என்றார். அமெரிக்க ராக் குழுவான ஏரோஸ்மித் 1974-ல் வெளியிட்ட வடிவத்தை அவர்கள் ஏற்கெனவே பப்பில் வாசித்து வந்தார்கள். மூலம் ஐம்பதுகளின் ராக்கபிலி, அதாவது கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்த ஆரம்பகால ராக், என்று எல்லாருக்கும் தெரியும். கைவசம் இருக்கிற பாட்டையே நிபந்தனைக்கும் காட்டிவிடலாம் என்பது கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்தப் பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை அவர்கள் அந்தப் பாட்டை மூன்று விதமாக வாசித்தார்கள். பெயர் போடாமல் எழுதிக்கொள்ள நாலு பேரும் சம்மதித்தார்கள். "ஆம்ப் விஷயத்தைக் கட்டாயம் எழுது" என்று கிட்டார்காரர் தனியாகச் சொன்னார். கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிதான் ஆம்ப்.

பாட்டு வந்த வழி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். குழு சறுக்கியது இந்த வழியைப் பாதியில் வெட்டிக்கொண்டதால்தான்.

முதல் பதிவு 1951-ல் வந்தது. டைனி பிராட்ஷா என்ற கறுப்பினப் பாடகர், சின்சினாட்டியின் கிங் நிறுவனத்துக்காகப் பாடினார். அது ராக்கபிலி இல்லை, ஜம்ப் ப்ளூஸ், அதாவது ஆட வைக்கும் துள்ளல் ப்ளூஸ். கிட்டாருக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. நடுவில் ரெட் ப்ரைசாக்கின் சாக்ஸபோன்தான் கதாநாயகன். 12 தாள அளவுகள் சுற்றிச் சுற்றி வரும் ப்ளூஸ், கால் தானாக ஆடும் ஷஃபில் என்ற தாள நடை. ரயிலில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கியவன் சொல்கிற கதை. 1942-ல் வந்த 'கவ் கவ் பூகி' என்ற பாட்டின் சாயல் சொற்களில் இருக்கிறது.

1956 ஜூலையில் மெம்ஃபிஸ்காரர்களான ஜானி பர்னெட்டும் ராக் அண்ட் ரோல் ட்ரையோவும் நாஷ்வில்லில் இதைப் பதிவு செய்தார்கள். சாக்ஸபோன் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கிட்டார், கீழ் ஈ தந்தியையும் மேல் ஈ தந்தியையும் சேர்த்து இழுத்து, கிழிந்த ஒலியில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று கேட்பவர் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். கோரல் நிறுவனம் 'ஹனி ஹஷ்' என்ற பாட்டின் மறுபக்கத்தில் இதைப் போட்டது. விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு ஏறவே இல்லை.

விற்காத அந்தத் தட்டு இங்கிலாந்துப் பையன்களிடம் போய்ச் சேர்ந்தது. 1965 செப்டம்பரில் யார்ட்பேர்ட்ஸ் குழு, முதல் அமெரிக்கப் பயணத்தின்போது, மெம்ஃபிஸில், எல்விஸின் முதல் பதிவுகளை எடுத்த சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவுக்கே போய் இதைப் பதிவு செய்தது. ஆரம்பத்தில் ஜெஃப் பெக்கின் கிட்டார் ரயில் ஊதுவது போலக் கூவும். கீத் ரெல்ஃபின் குரலை இரண்டு தடவை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் சொற்கள் ஒன்றாக இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். 1968-ல் லெட் செப்பெலின் ஆகப்போகிற நாலு பேர் லண்டன் ஜெரார்ட் தெருவில் ஒரு நிலவறையில் முதல்முறையாகச் சேர்ந்து வாசித்துப் பார்த்தது இந்தப் பாட்டைத்தான். ஏரோஸ்மித் 1974-ல் இதை இரண்டு பாதியாக்கியது: முதல் பாதி மெதுவாக அசையும், இரண்டாம் பாதி பறக்கும். அதில் கேட்கும் கூட்டத்தின் ஆரவாரம் பிறகு ஒட்டியது. கிட்டார் தனி ஆவர்த்தனமும் வெளியிலிருந்து வந்த ஸ்டீவ் ஹன்டர், டிக் வாக்னர் இருவரின் கைவேலை. 1977-ல் மோட்டர்ஹெட் இதைத் தன் முதல் ஆல்பத்தின் கடைசியில் வைத்தது.

ஆக, எங்கள் குழு கையில் வைத்திருந்தது மூலத்தின் நகல்கூட இல்லை. பிராட்ஷாவிடமிருந்து பர்னெட், பர்னெட்டிடமிருந்து யார்ட்பேர்ட்ஸ், அவர்களிடமிருந்து ஏரோஸ்மித், அதற்கும் கீழே நாங்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து தடிக்கும், நுணுக்கமான கோடுகள் போய்விடும். இங்கே தடித்தது கிட்டார். காணாமல் போனது என்ன என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

முதல் வடிவம்: மார்ச்

முதலில் என் அறையில் ஒரு மாதிரிப் பதிவு எடுத்தோம். வேகம் மாறாமலிருக்க எந்திரத் தாளமான க்ளிக்கைக் காதில் போட்டு, டிரம்ஸை முதலில் பதிந்து, மேலே ஒவ்வொன்றாக அடுக்கினோம். மெதுவான பாதியை வெட்டிவிட்டு வேகப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். கிட்டாரை இரண்டு முறை வாசிக்க வைத்து இடமும் வலமும் வைத்தேன். கேட்க அட்டகாசமாக இருந்தது. பப் கூட்டத்துக்கு நிச்சயம் பிடித்திருக்கும்.

நடன மாலையில் குழுவுக்கு ஒன்பது மணி. அதற்கு முன்னால் ஒருவர் பழைய தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். தளம் நிரம்பியிருந்தது. எங்கள் ஆட்கள் ஏறி முதல் இரண்டு பாட்டு வாசித்தபோது பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். பழக்கமில்லாத குழு, சரி என்று விட்டோம். மூன்றாவதாக இந்த ரயில் பாட்டு. பாடகர் பெயரைச் சொன்னதும் ஒரு சந்தோஷக் கூச்சல் எழுந்தது. ஏழெட்டு ஜோடிகள் திரும்பித் தளத்துக்கு வந்தார்கள். பாட்டு தொடங்கியது. முதல் பத்தி முடிவதற்குள் ஒவ்வொரு ஜோடியாகக் கையை விட்டார்கள். தனி ஆவர்த்தனம் வரும்போது தளத்தில் யாருமே இல்லை. மரத்தரையில் விளக்கு வெளிச்சம் மட்டும் கிடந்தது.

யாரும் முகம் சுளிக்கவில்லை. முடிந்ததும் மரியாதையாகக் கை தட்டினார்கள். அந்த மரியாதைதான் பாடகரை அதிகம் குத்தியது.

கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது, எழுபது வயது இருக்கும், சிவப்புப் பாவாடை அணிந்த ஒரு பெண்மணி மிக்சர் பக்கம் வந்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கால் வைக்க இடமே இல்லையே என்றார். சத்தம் அதிகமா என்று கேட்டேன். சத்தத்துக்கு என்ன, நாங்கள் எல்லாம் பாதிச் செவிடுதான் என்று சிரித்துவிட்டுப் போனார்.

கவனித்தது

அடுத்த வாரம் நாலு பேரும் என் அறைக்கு வந்தார்கள். கிட்டார்காரரின் கருத்து, தொனி நவீனமாக இருந்தது, பழைய தொனி வேண்டும் என்பது. பாடகருக்குக் கூட்டத்தின் மேல்தான் குறை. டிரம்மர் பேசவில்லை. சரி, நாலு பதிவையும் வரிசையாகக் கேட்டுவிடலாம் என்று 1951, 1956, 1965, 1974 என்று போட்டேன். பிறகு எங்கள் மாதிரிப் பதிவு.

முதல் சுற்றில் எல்லாரும் கிட்டாரைத்தான் கேட்டோம். இரண்டாம் சுற்றில் பேஸ் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்ட ஆரம்பித்தார். பிராட்ஷாவின் பதிவுக்குத் தட்டிய கை, எங்கள் பதிவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. "இங்கே தட்ட ஒன்றுமில்லை, எல்லாமே அடியாக இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதை நான் நம் பாஷையில் புரிந்துகொண்டேன். ஷஃபில் என்பது கிட்டத்தட்ட திஸ்ர நடை. ஒரு அடிக்குள் 'தகிட' என்று மூன்று, அதில் நடு 'கி' விழுங்கப்பட்டு 'த... ட, த... ட' என்று நொண்டி நொண்டி ஓடும். அந்த விழுங்கிய இடம்தான் ஆடுகிறவர் காலைத் தூக்கி வைக்கும் இடம். கனமான ராக் வடிவத்தில் அது நேராக்கப்பட்டு 'தக தக' என்று சம அளவாகிவிடுகிறது. எங்கள் டிரம்மர் அதைக் க்ளிக்குக்கு வாசித்து இன்னும் இஸ்திரி போட்டிருந்தார். நான் பாஸ் டிரம்மையும் பேஸ் கிட்டாரையும் மேலே ஏற்றி மீதி இடைவெளியையும் அடைத்திருந்தேன். கால் வைக்க இடம் இல்லை என்று அந்த அம்மாள் சொன்னது வர்ணனை இல்லை, அளவெடுத்துச் சொன்னது.

1956 பதிவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பது என் காதுக்கு அன்றுதான் பட்டது. கிட்டார் முரட்டுத்தனமாக இழுக்கிறது, ஆனால் அடியில் ஊஞ்சல் இன்னும் ஆடுகிறது. ஒன்றோடொன்று உரசுவதால்தான் அந்தப் பதற்றம். பின்னால் வந்தவர்கள் முரட்டுத்தனத்தை எடுத்துக்கொண்டு ஊஞ்சலைக் கழற்றிவிட்டார்கள் என்று பழி சொல்ல மாட்டேன். அவர்கள் கூட்டம் வேறு, அவர்கள் ஆடவைக்க நினைக்கவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

அன்று இரவு மூன்று முடிவு. ஒன்று, இனி 1956 பதிவுதான் ஆதாரம், சந்தேகம் வந்தால் 1951-க்குப் போவது. இரண்டு, பேஸ் கிட்டாருக்குப் பதில் நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய மர வாத்தியமான டபுள் பேஸ். தச்சர் வீட்டில் ஒன்று இருந்தது. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமல் போனது. மூன்று, க்ளிக் கூடாது.

டபுள் பேஸுக்குக் காரணம் உண்டு. 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி சன் நிறுவனத்துக்குச் செய்த முதல் பதிவுகளில் டிரம்ஸே கிடையாது. பில் பிளாக் தந்தியை விரலால் இழுத்து விட்டு, உள்ளங்கையால் பலகையில் அறைவார். இழுத்தால் சுரம், அறைந்தால் 'டக்'. தாளவாத்தியம் ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பேஸ் கிட்டாரில் அந்த 'டக்' வராது.

நாலாவதாக ஒரு முடிவு கிட்டார்காரர் தனியாக எடுத்தது. அதை எங்களிடம் சொல்லவில்லை.

வால்வு இரவு: மே

1956 பதிவின் கிழிந்த ஒலிக்கு ஒரு கதை சொல்வார்கள். ட்ரையோவின் கிட்டாரிஸ்ட் பால் பர்லிசன் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் ஆம்பைக் கீழே போட்டுவிட்டார். உள்ளே ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களில் ஒன்று, அதாவது ஒரு வால்வு, தளர்ந்து ஒலி கிழிந்தது. அது பிடித்துப்போய், பிறகு வேண்டும்போதெல்லாம் அவரே வால்வைத் தளர்த்திக்கொண்டார் என்பது கதை. பர்லிசன் பிழைப்புக்கு மெம்ஃபிஸில் மின்வேலை பார்த்தவர். எங்கள் ஆளும் எலக்ட்ரீஷியன். மெம்ஃபிஸ் எலக்ட்ரீஷியன் செய்ததை நான் செய்யக்கூடாதா என்று தோன்றியிருக்கிறது.

பயிற்சியின்போது அவர் ஆம்பின் பின்பலகையைக் கழற்றிவைத்திருந்ததை நான் பார்த்தேன். சூடு குறைவதற்காக என்று நினைத்து விட்டுவிட்டேன். இது என் தவறு. பாட்டு நடுவில் அவர் பின்னால் கையை விட்டு, துணி சுற்றிய விரலால், இரண்டு பவர் வால்வுகளில் ஒன்றை மெதுவாக ஆட்டினார். ஒரு சொரசொரப்பு வந்தது. அப்புறம் இருபது நொடிக்கு, நான் கேட்டதிலேயே அருமையான கிட்டார் ஒலி. டிரம்மர் சிரித்துக்கொண்டே வாசித்தார், பாடகர் கையைத் தூக்கினார். பிறகு ஒலி தடித்து, 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், வால்வுக்குள் இருந்த தகடு அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்தது. வார்னிஷ் கருகும் நாற்றம். நான் சுவரில் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது.

நடந்தது எளிது. வால்வு எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதனுள் கிரிட் என்ற கம்பி வலைக்கு வருகிற எதிர்மறை மின்னழுத்தம். வால்வைச் சாக்கெட்டில் ஆட்டியபோது கிரிட் முள்ளின் தொடர்பு விட்டுப்போயிற்று. கடிவாளம் கழன்ற குதிரை மாதிரி அது கண்டபடி இழுத்தது. அதோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கருகியது. புது டிரான்ஸ்ஃபார்மருக்கும் வால்வு ஜோடிக்கும் அவர் கொடுத்தது, அந்த ஆம்பை வாங்கிய விலையில் பாதிக்கு மேல்.

பணம்கூடப் பெரிதில்லை. வீட்டு வயரிங்கில் மெயினை அணைத்தால் வேலை முடிந்தது; வால்வு ஆம்பில் அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கை விட்டவர், அணைத்த உடனே மறுபடி உள்ளே கைவிடப் போனார். "தொடாதே" என்று தச்சர் கத்தியதில் நின்றார். அன்றிலிருந்து என் அறையில் ஒரு விதி: திறந்த ஆம்பு மின்சாரத்தில் இருக்கக்கூடாது, மூடியைக் கழற்ற வேண்டுமானால் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நாஷ்வில்லில் அந்தப் பதிவில் வாசித்தது பர்லிசனே இல்லை, அங்கே கூலிக்கு வாசிக்க வந்த கிரேடி மார்ட்டின் என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். யாருடைய கை என்பதே தகராறில் இருக்கிற ஒலிக்காக எங்கள் ஆள் தன் கையைக் கொடுக்கப் பார்த்தார்.

கடைசியில் அந்த ஒலி வந்தது வேறு வழியில். இரண்டு ஈ தந்திகளையும் சேர்த்து இழுக்கும் விரல் முறையை அவர் சரியாகப் பிடித்தார். சின்ன ஆம்பு ஒன்றைக் கடன் வாங்கி, ஒலியை முழுக்கத் திறந்து, முன்னால் ஒலியைக் கிழிக்கும் மலிவான ஃபஸ் பெடலைக் குறைவாக வைத்தோம். முக்கால்வாசி விரலில் இருந்தது.

இரண்டாம் வடிவம்: ஜூலை

டபுள் பேஸில் அறைந்து வாசிக்கத் தச்சருக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆரம்ப வாரங்களில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டு வருவார். இரண்டு பாட்டுக்குள் டேப் ஓரத்தில் சிவப்புக் கசியும், கழற்றிவிட்டு வேறு சுற்றுவார். வாழ்நாள் முழுக்க உளி பிடித்த கைக்கே இந்த நிலை.

பதிவுக்கு நாலு பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்தேன். தடுப்பு இல்லை, ஹெட்ஃபோன் இல்லை. டிரம்மரிடம் பாஸ் டிரம், ஸ்நேர், ஒரு சிம்பல் மட்டும். டபுள் பேஸுக்கு இரண்டு மைக்: 'டக்' கேட்க பலகையின் முனையில் ஒன்று, சுரம் கேட்க, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குக் கீழே பஞ்சில் சுற்றிச் செருகிய இன்னொன்று. குரலுக்கு ஸ்லாப்பேக் எதிரொலி. சாம் ஃபிலிப்ஸ் ஐம்பதுகளில் இரண்டு டேப் எந்திரங்களை வைத்து, பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே உள்ள சின்னத் தாமதத்தைக்கொண்டு இதைச் செய்தார். நான் கம்ப்யூட்டரில் 130 மில்லிசெகண்டில், ஒரே ஒரு எதிரொலியாக வைத்தேன். எதிரொலி இரண்டானால் குளியலறை மாதிரி ஆகிவிடும்.

ஏழாவது முறை எடுத்தது நின்றது. தொடங்கிய வேகத்தைவிட முடித்த வேகம் கொஞ்சம் அதிகம். நேராக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ரயில் இறக்கத்தில் போகிறது என்றார் டிரம்மர்.

சொற்களிலும் ஒரு சிக்கல் வெளிவந்தது. பாடகர் பல வருஷம் முன்பு யார்ட்பேர்ட்ஸ் பதிவைக் கேட்டுத்தான் வரிகளை எழுதிக்கொண்டாராம். அங்கே இரண்டு குரல், இரண்டு விதச் சொல். ஒரு குரலின் முதல் பாதியும் இன்னொரு குரலின் பின்பாதியும் சேர்ந்து அவர் நோட்டில் புது வரியாக உட்கார்ந்திருந்தது. பாட்டில் ரயில் அல்புகர்க்கி என்ற அமெரிக்க ஊருக்கு வரும்; அந்தப் பெண் அங்கே என்ன செய்தாள் என்பது அவர் பாடும்போது யாருக்கும் புரியாது. இத்தனை வருஷம் யாரும் கேட்டதும் இல்லை.

உரிமமும் பெயரும்

இந்தப் பதிவோடு இன்னும் நாலு பாட்டைச் சேர்த்து 200 சிடி அச்சிட்டு மேடையடியில் விற்பதாக முடிவானது. மற்றவர் பாட்டைப் பப்பில் வாசிப்பதற்கு இடத்தின் உரிமையாளர் கட்டும் உரிமமே போதும். சிடி வேறு, அச்சிடுவதற்கு முன், பாட்டைப் பதிந்து பிரதி எடுப்பதற்கான இயந்திரப் பிரதி உரிமம் வாங்க வேண்டும். சின்ன எண்ணிக்கைக்கென்றே எளிய விண்ணப்பம் இருக்கிறது, சிக்கலில்லை.

பாடகர் இதற்குள், குழம்பிய பத்தியைத் தூக்கிவிட்டுத் தானே புதிதாக ஒன்று எழுதிவிடலாம் என்று வந்து நின்றார். நான் மறுத்தேன். நம் பாணியில் வாசிப்பதற்கு உரிமம் இடம் தரும். சொற்களை மாற்றுவதற்குப் பதிப்பாளரின் தனி அனுமதி வேண்டும். யார்ட்பேர்ட்ஸ் கதையே இதற்குச் சாட்சி. 1966-ல் அன்டோனியோனியின் 'ப்ளோ-அப்' படத்தில் இந்தப் பாட்டை வாசிக்க இருந்தார்கள். படத்துக்கான உரிமம் அமையாததால் ரெல்ஃப் அவசரமாக வேறு சொற்கள் எழுதி, பெயரையும் 'ஸ்ட்ரோல் ஆன்' என்று மாற்றினார். பெக்கும் ஜிம்மி பேஜும் ஒரே மேடையில் கிட்டார் வாசிக்கிற காட்சி அதில்தான் இருக்கிறது. அடியில் ஓடுவது பழைய ரயில்தான் என்பது கேட்கிற யாருக்கும் தெரியும். எங்களுக்கு அந்த அவசரமும் இல்லை, அந்தத் தைரியமும் இல்லை. பிராட்ஷாவின் பதிவைக் கேட்டு வரிகளைத் திருத்தி எழுதிக்கொடுத்தேன்.

சிடி உறையைத் தட்டச்சு செய்த டிரம்மர் பாட்டாசிரியர் இடத்தில் ஜானி பர்னெட் என்று போட்டிருந்தார். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள்தான் கண்ணில் பட்டது. பிராட்ஷா, ஹோவர்ட் கே, லோயிஸ் மான் என்று திருத்தினோம். லோயிஸ் மான் என்பது கிங் நிறுவன முதலாளி சிட் நேதன் வைத்துக்கொண்ட புனைபெயர். பாட்டில் பங்கு எழுதிக்கொள்வது அந்தக் கால முதலாளிகளின் வழக்கம். அந்தப் பெயரை அச்சிடும்போது எனக்குக் கொஞ்சம் கசந்தது. ஆனால் உரிமப் பதிவில் இருப்பதைத்தான் போட முடியும். பிராட்ஷாவின் பெயர் விட்டுப்போயிருந்தால் இன்னும் அதிகம் கசந்திருக்கும்.

மூன்றாம் வடிவம்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

ஜூலைப் பதிவை அப்படியே பப்பில் வாசித்தபோது வேறு வழக்கு வந்தது. வழக்கமான கூட்டத்துக்கு அது மெலிந்து கேட்டது. மேடையில் டபுள் பேஸ் வேறு, ஒலி கொஞ்சம் ஏறினாலே ஊளையிட்டது. மைக்கை எடுத்துவிட்டு, அதிர்வை நேராக எடுக்கும் பிக்கப்பைப் பாலத்தில் மாட்டினேன், 'டக்' பாதி குறைந்தது. எழுபதுகளின் ராக் கேட்க வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை.

தீர்வு ஏரோஸ்மித்திடமிருந்தே வந்தது, அதாவது அவர்களுடைய இரண்டு பாதி யோசனையிலிருந்து. முதல் பாதி ஊஞ்சல், டபுள் பேஸ், குறைந்த ஒலி. தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் டிரம்மர் நாலு அடி கொடுத்து நடையை நேராக்குவார், அங்கிருந்து கனம். திருப்பம் கைக்கு வர ஆறு வாரம் ஆனது. இரண்டு நிகழ்ச்சிகளில் அந்த இடத்தில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

நவம்பரில் அதே நடன மாலைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். எங்களை மன்னித்துவிட்டார்கள் என்று பாடகர் சொன்னார். வரவேண்டிய குழு வரவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே முதல் பாதியை மட்டும் நீட்டி வாசிப்பது என்று முடிவு செய்தோம். பத்து ஜோடி போல இருந்தார்கள். பாட்டு முடியும்வரை ஆறேழு ஜோடிகள் தளத்தில் நின்றார்கள். மற்றவர்கள் பீர் வாங்கப் போனார்கள். சிடி பதினொன்று விற்றது.

மறுபடி செய்தால்

முதல் மாதிரிப் பதிவுக்கு முன்னாலேயே நாலு பதிவுகளையும் வரிசையாகக் கேட்டிருப்பேன். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஐந்து மாதமும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் மிச்சமாகியிருக்கும்.

ஆடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் ஒலிச் சோதனையின்போதே ஒரு ஜோடியைத் தளத்துக்குக் கூப்பிட்டு ஆடச் சொல்வேன். மிக்சரில் காட்டாத விஷயத்தை அவர்கள் பாதம் காட்டிவிடும். டபுள் பேஸுக்கு மேடையில் பிக்கப்பும் சின்ன மைக்கும் சேர்த்து வைப்பேன். 'டக்' இல்லாத டபுள் பேஸ் வெறும் பாரம். பின்பலகை கழன்ற ஆம்பைப் பார்த்தால் பாட்டை நிறுத்துவேன்.

நடைக்குத் தனியாகப் பயிற்சி வைத்திருக்க வேண்டும் என்பது டிரம்மரின் குறை, நியாயமானது. இருபது வருஷம் நேராக வாசித்த கை ஒரு பாட்டுக்காக மட்டும் வளையாது. அவர் இப்போது பஸ் டிப்போவில் இடைவேளையில் மேஜையில் 'த... ட' என்று தட்டுகிறாராம். கூட இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

நவம்பர் இரவு கேபிள் சுற்றும்போது அந்தச் சிவப்புப் பாவாடைப் பெண்மணி மறுபடி வந்தார். இந்தத் தடவை கால் வைக்க இடம் இருந்தது என்றார். நான் நன்றி சொல்வதற்குள், அது சரி, அந்தப் பெண் அல்புகர்க்கியில் என்னதான் செய்தாள் என்று கேட்டார். மேடையில் பாடகர் பழைய நோட்டையே எடுத்து வந்திருந்தார்.